ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய காரில் அகல டயர் உரசாமல் ஓடுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2019 மாடல் ஸ்விப்ட், 35 மி.மீ. இறக்கும் லோயரிங் ஸ்பிரிங் போட்டு மூன்று மாதம் ஆகிறது. இப்போது செகண்ட்ஹேண்டில் ஒரு அலாய் செட் கண்ணில் பட்டிருக்கிறது: 17 இன்ச், 7.5 ஜே (இன்ச்சில் ரிம்மின் அகலம்), ஈடி 30, கூடவே 205/45 ஆர்17 டயர். விற்பவர் "அப்படியே உட்காரும், உரசினால் ஃபெண்டரை லேசாக ரோல் பண்ணிக்கலாம்" (அதாவது சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டின் உள்மடிப்பை மடக்கிவிடலாம்) என்று சொல்லியிருக்கிறார். வாங்கலாமா?

இந்த செட்டை வாங்காதீர்கள் தம்பி. அகல டயரே வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த ஈடி உங்கள் காருக்கு ஆகாது என்கிறேன். பெரும்பாலான ஆட்கள் 17, 7.5, 205 என்று மற்ற எண்களையெல்லாம் கேட்டுவிட்டு, உரசுமா உரசாதா என்பதைத் தீர்மானிக்கிற எண்ணை மட்டும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஈடி என்பது ஆஃப்செட். ரிம்மை அகலத்தில் சரிபாதியாக வெட்டினால் ஒரு நடுக்கோடு வரும் இல்லையா, அந்தக் கோட்டிலிருந்து ஹப்பில் (காரில் சக்கரம் பூட்டும் இடம்) ஒட்டுகிற முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கிறது என்பதுதான் அந்த எண். எண் பெரிதானால் சக்கரம் உள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும். இவ்வளவுதான் விஷயம். ரிம்மின் பின்புறம் ஸ்போக்கின் உள்முகத்திலோ ஹப் அருகிலோ அச்சடித்திருப்பார்கள். அச்சே இல்லாத ரிம் என்றால் அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். இப்போது உங்கள் காரில் இருக்கும் ரிம்மை 15 இன்ச், 5.5 ஜே, ஈடி 45 என்றும் டயரை 185/65 ஆர்15 என்றும் வைத்துக்கொள்கிறேன். உங்கள் ரிம்மின் பின்புறம் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான். 5.5 இன்ச் என்பது ஏறக்குறைய 140 மி.மீ. பாதி 70, அதில் 45ஐக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து ரிம்மின் வெளிப்பக்கம் 25 மி.மீ. 7.5 இன்ச் என்பது 190.5 மி.மீ. பாதி 95, அதில் 30 போனால் 65. அதாவது ரிம்மின் வெளி விளிம்பு இப்போது இருப்பதைவிட 40 மி.மீ. வெளியே வரும். உள்பக்கம் 70ஓடு 45ஐயும் 95ஓடு 30ஐயும் கூட்டிப் பார்த்தால் 115க்குப் பதில் 125, அங்கே 10 மி.மீ.தான் நகர்கிறது. கிட்டத்தட்ட எல்லா அகலமும் வெளியே போய்விட்டது.

இணையத்தில் இருக்கிற கால்குலேட்டர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். டயர் கணக்கு தனி. உங்கள் 185 டயர் 5.5 ரிம்மில் ரிம்மைத் தாண்டிப் பிதுங்கி நிற்கிறது, அதன் விலா, அதாவது பக்கச்சுவர், ஹப் முகத்திலிருந்து 47 மி.மீ. தள்ளி இருக்கும். 205 டயரை 7.5 ரிம்மில் போட்டால் இழுத்து விரித்த மாதிரி உட்காரும், விலா 75 மி.மீ. அருகில் வரும். ஜே என்ற அளவு டயர் உட்காரும் இடத்துக்கு மட்டுமே. விளிம்பின் கனம் பக்கத்துக்கு அரை இன்ச் போல அதற்கு மேல் இருக்கும், ஆக ரிம் விளிம்பு 77. இதுவரை டயர் வெளியேயும் ரிம் உள்ளேயும் இருந்தது. இனி ரிம்தான் வெளியே முந்திக்கொண்டு நிற்கும். பிளாட்ஃபாரத்தை ஒட்டி நிறுத்தும்போது கல்லில் உரசப்போவது ரப்பர் அல்ல, அலாய். மொத்தத்தில் சக்கரம் ஒரு பக்கத்துக்கு 30 மி.மீ. வெளியே வருகிறது, கார் ஏற்கெனவே 35 மி.மீ. கீழே இறங்கியிருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கிற இடம் ஃபெண்டர் விளிம்பு.

நான் இதை நோகாமல் கற்றுக்கொள்ளவில்லை. என்னுடைய பழைய ஸ்விப்ட்டில், பெயர் வேண்டாம், ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி ஈடி 35ல் 7 இன்ச் ரிம் போட்டேன். நான் தனியாக ஓட்டிய ஒரு மாதமும் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம் வீட்டார் நான்கு பேரோடு தாராபுரம் ரோட்டில் போனபோது, ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் 'ஸ்ர்ர்' என்று ஒரு சத்தம். ஏதோ பிளாஸ்டிக் தொங்குகிறது என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஊர் போய்ச் சேர்ந்து கையை விட்டுப் பார்த்தால் இரண்டு பின் டயரிலும் வெளித் தோளில் சுற்றிலும் ஒரு வெட்டு, கத்தியால் கீறிய மாதிரி. ஃபெண்டரின் உள்மடிப்பு செய்த வேலை. மாற்றி ஒரு மாதமே ஆன டயர். அம்மா மட்டும் "இந்த வண்டியில ஏன் இப்படித் தூக்கிப் போடுது" என்று கேட்டார், நான் பதில் சொல்லவில்லை.

ஏன் பின்னால் உரசியது, முன்னால் உரசவில்லை? இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்விப்ட்டில் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. சக்கரம் மேலே ஏறும்போது அதன் தலைப்பகுதி கொஞ்சம் உள்ளே சாயும் (ரொம்ப இறக்கிவிட்டால் அந்தச் சாய்வு குறைந்துவிடும், அது வேறு கதை). அதனால் டயரின் மேல் விளிம்பு ஃபெண்டரிலிருந்து கொஞ்சம் தப்பித்துக்கொள்ளும். பின்பக்கம் டார்ஷன் பீம், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்குத் தண்டு. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் சாய்வு மாறாது, நேராக மேலே போய் இடிக்கும். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் இரண்டு பெட்டி, எதிரே ஒரு வேகத்தடை என்றால் இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தான் ஏறும். நம் ஊர்க் குடும்பக் காருக்கு அது அன்றாடம் நடப்பது. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நம் தெருமுனையில் இரவோடு இரவாக முளைக்கிற வேகத்தடைகளுக்கு அந்த விதி தெரியாது. உங்கள் காரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் காகிதத்தில் 163 மி.மீ. 35 போனால் 128, அதிலும் ஆள் ஏறியபின் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் உரசுவது வேறு மாதிரி. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து யு-டர்ன் போடும்போது டயரின் முன்மூலை, சக்கரக் குழிக்குள் உறை போல இருக்கும் லைனரிலோ பம்பர் ஃபெண்டரோடு சேரும் இடத்திலோ தொடும். லைனர் பிளாஸ்டிக், ஹீட் கன் வைத்துச் சூடு காட்டி உள்ளே அமுக்கினால் போதும், பயப்பட ஒன்றுமில்லை. பம்பரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் முனை நீட்டிக்கொண்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது டயரைக் கிழிக்கும்.

உள்பக்கத்தையும் மறக்க வேண்டாம். உரசலுக்குப் பயந்து ஈடியை ரொம்ப உயர்த்தினால் டயர் ஸ்ட்ரட்டிலோ அதன் ஸ்பிரிங் தட்டிலோ போய் உட்காரும். வெளியே உரசினால் சத்தம் கேட்கும், உள்ளே உரசினால் பல நேரம் கேட்காது, டயரின் உள்விலா தேய்ந்து ஒருநாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும்போதுதான் தெரியவரும். நின்ற நிலையில் ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே குறைந்தது 5 மி.மீ. இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். சுண்டுவிரல் நுழைந்தால் நிம்மதி.

இப்போது அளக்கிற முறை. ஸ்பிரிங் போட்ட புதிதில் அளக்காதீர்கள், அது சில நூறு கிலோமீட்டர் ஓடி அமர வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டதால் சரி. சமதளத்தில் நிறுத்தி, ஃபெண்டர் விளிம்பிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். நூலிலிருந்து இப்போதைய டயர் விலாவின் வீங்கிய இடம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று நான்கு சக்கரத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். இடம் வலம் ஒன்றாக இருக்காது, நாலைந்து மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், குறைவாக வந்த பக்கம்தான் கணக்கு. அப்புறம் நான்கு பேரை ஏற்றி உட்காரவைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் செங்கல் உயரத் திண்டில் ஏற்றி, டயருக்கு மேலே எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் பின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் சக்கரத்தைப் பம்ப் ஸ்டாப்பில் (சக்கரம் மேலே ஏறுவதைத் தடுக்கும் ரப்பர் முட்டு) முட்டும்வரை தூக்கச் சொல்லுங்கள். டயர் உண்மையில் எங்கே போய் நிற்கும் என்பது அப்போது கண்ணால் தெரியும். அரை மணி நேர வேலை. நாற்பதாயிரம் கொடுத்து ரிம் வாங்கிய பிறகு இதைச் செய்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பம்ப் ஸ்டாப் என்றதும் ஒன்று. அது உயரமாக இருக்கிறது என்று சிலர் பாதி வெட்டிவிடுவார்கள். தாழ்த்தும் ஸ்பிரிங்கோடு அளவாகக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி வந்திருந்தால் அந்த அளவோடு நிறுத்துங்கள், இடத்துக்காக வெட்டாதீர்கள். சக்கரத்தைக் கடைசியில் தடுத்து நிறுத்துகிற ஆள் அவன் ஒருவன்தான், அவன் போனால் ஃபெண்டரே பம்ப் ஸ்டாப் ஆகிவிடும். ஒரிஜினல் ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டி இறக்கிய வண்டிகளைப் பற்றி நான் பேசவே போவதில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்பிரிங் தட்டில் லொடலொடவென்று ஆடும், பள்ளத்தில் இறங்கும்போதும் அதேதான் நடக்கும்.

அப்படியென்றால் எது பொருந்தும்? மேற்சொன்ன உரசல் கணக்கைப் பார்த்தால் எனக்குப் பிடித்தது 16 இன்ச், 6.5 ஜே, ஈடி 42 அருகில், 195/55 ஆர்16 டயர். டயர் விட்டம் இப்போது 621.5 மி.மீ., இதில் 620.9. ஸ்பீடோமீட்டர் முள்ளுக்கு வித்தியாசமே தெரியாது. டயர் வெளியே வருவது 10 மி.மீ. போல, உள்ளே 4 அல்லது 5. ஃபெண்டரைத் தொடாமல் முடிய நல்ல வாய்ப்பு. இன்னும் அகலம்தான் வேண்டும் என்றால் 16 இன்ச், 7 ஜே, ஈடி 42, 205/50 ஆர்16. வெளியே 15, உள்ளே 9 வரும், விட்டம் 611, அதாவது 1.6 சதவீதம் சிறிது. முள் கொஞ்சம் அதிகமாகக் காட்டும், ஓடோமீட்டரும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு நூற்றறுபது போலக் கூடுதலாக ஓடும். இந்த அளவுக்கு, முன்பு சொன்ன முறையில் அளந்து பார்த்து இடம் இருந்தால் மட்டும் போங்கள்.

17 இன்ச்சை நான் பொதுவாகவே தாழ்த்திய காருக்குச் சொல்வதில்லை. 185/65 ஆர்15ல் விலா உயரம் 120 மி.மீ. 205/45 ஆர்17ல் 92. மழைக்காலத்தில் பல்லடம் ரோட்டில் நீர் தேங்கிய பள்ளம் எவ்வளவு ஆழம் என்று இறங்கிய பிறகுதான் தெரியும். அந்த 28 மி.மீ. ரப்பர் இருந்திருந்தால் தப்பித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு ரிம்மைத் தட்டி நிமிர்த்தப் போகிற வரிசையில் நிற்க வேண்டிவரும். கனமும் கூடும். வாங்குவதற்கு முன் எடை மெஷினில் பழைய ரிம்மையும் புதியதையும் டயரோடு வைத்துப் பாருங்கள், ஒரு சக்கரத்துக்கு இரண்டு மூன்று கிலோ கூடினாலே 1.2 லிட்டர் எஞ்சின் அதை உணரும்.

டயரின் லோடு இண்டெக்ஸை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் 185/65 ஆர்15 டயரில் அளவுக்குப் பக்கத்தில் 88 என்று இருக்கும், அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 195/55 ஆர்16ல் வழக்கமாக 87, 545 கிலோ. 205/45 ஆர்17ல் சாதாரண வகை 84, வெறும் 500 கிலோ. எக்ஸ்எல் (கூடுதல் பாரம் தாங்கும் டயர்) என்று போட்ட வகையில் 88 கிடைக்கும், ஆனால் அதே பாரத்தைத் தாங்க அதற்குக் காற்று சில பிஎஸ்ஐ கூடுதலாக வைக்க வேண்டும். பழைய 30க்கே நிரப்பிக்கொண்டு ஓட்டினால் எக்ஸ்எல் வாங்கிய பலன் போச்சு. இன்னொன்று, எல்லா கம்பெனி 205ம் ஒரே அகலம் கிடையாது. சிலது தோள் உருண்டையாக இருக்கும், சிலது சதுரமாக, ரிம் காக்கும் பட்டையோடு வரும். சதுரத் தோள் டயர் ஃபெண்டரைத் தொடும் இடத்தில் உருண்டைத் தோள் நழுவிப் போய்விடும்.

ரிம் ஹப்பில் உட்காருகிற சமாச்சாரம். ஸ்விப்ட்டின் பிசிடி (நட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்) 4க்கு 100, அதாவது நாலு நட்டு, 100 மி.மீ. வட்டம்; நடு ஓட்டை 54.1 மி.மீ. வெளியே கிடைக்கும் ரிம்களில் நடு ஓட்டை பெரும்பாலும் 67 அல்லது 73. நடுவில் இருக்கும் அந்த இடைவெளிக்குச் சரியான அளவு ஹப் ரிங் போட வேண்டும். போடாவிட்டால் 80ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும், நீங்கள் பத்து முறை பேலன்சிங் பார்த்தும் போகாது. 4க்கு 98 ரிம்மும் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும், சில ஃபியட் கார்களுக்கு வருவது அது. நட்டு இறுகுவது போல இறுகும், ஆனால் கோணலாக உட்காரும். கூடவே கூடாது. நட்டுக்கு மாருதியில் மரை 12க்கு 1.25, ஹோண்டாவிலும் ஹூண்டாயிலும் 12க்கு 1.5. வேறு காரிலிருந்து கழற்றிய ரிம்மோடு வரும் நட்டைப் போட்டு ஏர் கன்னால் அடித்தால் ஸ்டட் மரை போய்விடும். முகம் கூம்பா உருண்டையா என்றும் பாருங்கள். ஹோண்டா ஒரிஜினல் நட்டு உருண்டை முகம், வெளி அலாய்கள் பெரும்பாலும் கூம்பு. டார்க் ரென்ச் வைத்து மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தட்டு) போட்டு வெளியே தள்ளலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தாழ்த்திய காரில் ஸ்பேசர் எதற்கு? நம் பிரச்சினையே வெளியே வருவது. அதோடு ஈடி குறையக் குறைய, அது ரிம்மால் குறைந்தாலும் ஸ்பேசரால் குறைந்தாலும், டயர் தரையைத் தொடும் நடுப்புள்ளி ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்து தள்ளிப் போகிறது. ஒரு பக்கச் சக்கரம் மணலில் இறங்கிய நேரம் பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் கையை இழுக்கும், லாரி ஓடித் தடம் பதிந்த சாலையில் கார் தன் இஷ்டத்துக்கு அலையும். வீல் பேரிங்கும் சீக்கிரம் ஊளையிடும்.

ஃபெண்டர் ரோலிங் பற்றி விற்பவர் லேசாகச் சொல்லிவிட்டார். முன் ஃபெண்டர் போல்டில் பூட்டிய ஒற்றைத் தகடு, கெட்டுப்போனால் வேறு வாங்கலாம். பின்னால் இருப்பது பாடியோடு சேர்ந்த பேனல். அதன் விளிம்பில் உள்தகடும் வெளித்தகடும் ஸ்பாட் வெல்டில் சேர்ந்திருக்கும், நடுவில் சீலன்ட். அதை மடக்கும்போது சீலன்ட் விரிசல் விடும், தண்ணீர் இறங்கும், இரண்டு மழைக்காலத்தில் துரு. செய்தே ஆக வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள ரோலர் கருவி வைத்திருக்கும் ஆளிடம் போய், பெயின்ட்டை ஹீட் கன்னால் நன்றாகச் சூடாக்கி, நாலைந்து முறையாகக் கொஞ்சம் கொஞ்சமாக மடித்து, முடிந்ததும் சீலன்ட் திரும்பப் பூசச் சொல்லுங்கள். கிரிக்கெட் மட்டையை டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் செருகி வண்டியைத் தள்ளுகிற டிங்கர்களும் உண்டு. மடிப்பு அலை அலையாக வரும், வெயிலில் பார்த்தால் அசிங்கமாகத் தெரியும். உங்கள் 30 மி.மீ.க்கு ரோலிங் போதவும் போதாது, அது மீட்டுத் தருவது உள்மடிப்பின் அகலத்தை மட்டும்தான்.

அலைன்மென்ட். ஸ்பிரிங் போட்ட பிறகு பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கார் இறங்கியதும் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறும், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) கெட்டுவிடும். தாழ்த்திய காரில் டயரின் உள்பக்கம் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வைத் திட்டுவார்கள், பெரும்பாலும் குற்றவாளி டோ. பின் பீமில் சாதாரணமாகத் திருத்த எதுவும் இல்லை, எண்ணை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சொல்லவில்லை என்று இருக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அந்த ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நடைமுறையில் சாலையில் யார் பிடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். அதைவிடப் பெரியது இன்சூரன்ஸ். விபத்து நடந்து சர்வேயர் வந்து நிற்கும்போது ஃபெண்டருக்கு வெளியே நீட்டிய சக்கரம் அவருக்கு நல்ல காரணம். உங்கள் மாடலுக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் அளவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறீர்களோ அவ்வளவு நிம்மதி.

அப்புறம் ஸ்டெப்னி. டிக்கியில் பழைய சக்கரம்தான் கிடக்கும், அதற்குப் பழைய நட்டு தேவைப்படலாம், நாலு நட்டை ஒரு துணிப்பையில் கட்டி அங்கேயே போட்டு வையுங்கள். 195/55 ஆர்16 எடுத்தால் விட்டம் ஒன்று என்பதால் முன்னால் போட்டாலும் கவலை இல்லை. பழைய ரிம்களை விற்றுவிடாதீர்கள், எப்.சி.க்கும் வண்டியை விற்கும்போதும் அவை வேண்டும். தூக்குக்குண்டு அளவு நான்கையும், உங்கள் ரிம்மின் பின்புறம் இருக்கும் எண்களையும் எழுதுங்கள், 205 உட்காருமா என்று பார்த்துச் சொல்கிறேன்.